தலை கொடுப்பவரே!

(பட்டிமன்றத் தலைப்பு: 'அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளியில் பெரும்பங்கு கத்தரி பிடிக்கும் மாணவிக்கா? தலை கொடுக்கும் வாடிக்கையாளருக்கா?' இரண்டாவது அணியில் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டு 'இந்தம்மா என்ன சொல்லப் போகுது' என்று பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

அய்யா, கூந்தலைப் பற்றிய முதல் பட்டிமன்றம் நடந்ததே இந்த மதுரையில்தான். பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவால் வருகிற மணமா? சந்தேகத்தைத் தீர்த்தால் ஆயிரம் பொன். தருமி வந்தார். நக்கீரர் எழுந்தார். கடைசியில் சிவபெருமானே வந்தார். வழக்கு நெற்றிக்கண் வரைக்கும் போய்விட்டது. எல்லாம் சரி. இத்தனை பேர் பேசினார்களே, கூந்தலுக்குச் சொந்தக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு, "உன் தலைதானேம்மா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்களா? (சிரிப்பு, கைதட்டல்)

கேட்கவில்லை. தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்காமலே தலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் நமக்கு அன்றைக்கே வந்துவிட்டது. எதிரணி நண்பர்களும் அதையேதான் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பழைய பாக்கியைத் தீர்க்கத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாளே கத்தரியைத் தொட முடியாது; தரையில் விழுந்த முடியைக் கூட்ட வேண்டும், துண்டு துவைக்க வேண்டும் என்றார். உண்மை. புருவம் திருத்தும் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதலில் சொந்தக் காலில் இருக்கிற முடியை எடுத்துப் பழகுவார்கள் என்றார். அதுவும் உண்மை. காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கும், சாயமும் சோப்புத் தண்ணீரும் பட்டுப்பட்டு விரல் இடுக்கு வெடிக்கும் என்றார். அத்தனையும் உண்மை அய்யா. அந்தப் பிள்ளைகளுக்கு நானும் கை கூப்புகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. முதல் சில வாரம் அவர்கள் வெட்டிப் பழகுவது எதிலே? பொம்மைத் தலையிலே. ஒரு கம்பத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். அந்தத் தலைக்குச் சுழி உண்டா? பொடுகு உண்டா? காதைக் கிள்ளினால் ரத்தம் வருமா? தண்ணீர் சுடுகிறதென்று கத்துமா? "இப்படி வெட்டிட்டியேடி பாவி" என்று சொல்லுமா? சொல்லாது. சொல்லாத தலையில் ஆயிரம் தடவை வெட்டினாலும் அது பழக்கம். சொல்கிற தலையில் ஒரு தடவை வெட்டினால்தான் அது படிப்பு. (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி அமெரிக்காவின் மேடம் சி.ஜே. வாக்கரைச் சொன்னார். நல்ல எடுத்துக்காட்டு. 1867-இல் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதை. இருபது வயதில் கைம்பெண், கையிலே ஒரு பெண் குழந்தை. ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தார். அந்த அம்மா 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில், தன் மகள் பெயரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி, தன்னைப் போன்ற கறுப்பினப் பெண்களுக்குக் கூந்தல் பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்துச் சொந்தக் காலில் நிற்க வைத்தார். சகோதரி இதையெல்லாம் அழகாகச் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். வாக்கர் அம்மையார் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார்? அவருக்கே முடி கொட்டியது. மருந்து தேடி அலைந்தார். ஆக, அவருடைய முதல் வாடிக்கையாளர் அவரேதான். முதலில் கொடுத்த தலை அவருடைய சொந்தத் தலை. எங்கள் அணிக்கு வேண்டிய சாட்சியை நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். நன்றி. (சிரிப்பு)

இன்னொன்று சொல்கிறேன். முடியைச் சுருட்டி, அந்தச் சுருள் கலையாமல் பல மாதம் நிற்கும்படி செய்கிறார்களே, 'பெர்ம்' என்கிறோமே, அதைக் கொண்டு வந்தவர் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கடை வைத்திருந்தார். கண்டுபிடித்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர் முதலில் யார் தலையில் செய்து பார்த்தார் தெரியுமா? சொந்த மனைவி, கத்தரீனா. முதல் தடவை முடி கருகிப் போனது. தலைத்தோல் வெந்தது. இரண்டாவது தடவையும் கருகியது. மூன்றாவது தடவையும் அந்த அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார் அய்யா! நம்ம வீட்டில் ஒரு தடவை காபியில் சர்க்கரை கூடிப்போனால் மறுநாள் டம்ளரைத் தொடாத கணவன்மார்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? (பலத்த கைதட்டல்) கண்டுபிடித்தவர் நெஸ்லர். அவரைக் கண்டுபிடிக்க வைத்தது அந்த மூன்றாவது தடவை வந்து உட்கார்ந்த தலை.

லண்டன் கதை போதும். இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் எனக்கே தலைகுனிவான கதை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கு ஒரு தங்கை. 2006-ஆம் வருஷம் அவளுடைய கணவர் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். கையில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு மூணு. தங்கை படித்தது பிளஸ் டூ. ஆறு மாசம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, அழகுக்கலைப் பயிற்சியில சேரப் போறேன். வளையல் ரெண்டை அடகு வச்சுட்டேன்" என்றாள்.

வீட்டில் பூகம்பம். எங்கள் சித்தப்பா குதித்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு மயிர் வெட்டப் போறதா?" என்றார். தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன், நடுவர் அய்யா மன்னிக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் மயிர் என்பது மரியாதையான சொல். புலவர்கள் கூசாமல் பாடிய சொல். அதை வசைச் சொல் ஆக்கியது நாம். சொல்லை இழிவாக்கினோம், பிறகு அந்தத் தொழிலை இழிவாக்கினோம், பிறகு அந்தத் தொழில் செய்கிற மனிதர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம். எத்தனையோ கிராமங்களில் முடி திருத்துகிற அந்தக் குடும்பத்துப் பெண்தானே பிரசவம் பார்த்தாள்? மருத்துவச்சி என்று கூப்பிட்டது அவளைத்தானே? நாம் பூமிக்கு வந்தபோது நம் தலையை முதலில் தாங்கியது அவளுடைய கை. அந்தக் கைக்கு நாம் தனிக்குவளை வைத்தோம். இந்தப் பாவத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பில் பேசினால் என் நாக்கு வேகாது. (கைதட்டல்)

சரி, சித்தப்பா பழைய காலத்து மனுஷர். நான்? நான் அப்போது டாக்டர் பட்டம் வாங்கிய புதுசு. கல்லூரியில் சமத்துவம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள். நான் சித்தப்பாவை எதிர்த்துப் பேசித்தான் அவளைப் பயிற்சியில் சேர்த்தேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். மூன்றாவது மாதம் சோதனை வந்தது.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் புதன்கிழமைதோறும் மாணவிகளே வெளியாட்களுக்கு வேலை செய்ய வேண்டும். வாசலில் பலகை: 'மாணவியர் செய்யும் முடி திருத்தம், பாதிக் கட்டணம்'. முதல் தடவை மட்டும் அந்தந்த மாணவியே ஆளைக் கூட்டி வரவேண்டும். தங்கை வந்து, "அக்கா, புதன்கிழமை உன் தலை வேணும்" என்றாள்.

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "எனக்குக் காலேஜ்ல ஒரு பேர் இருக்குடி. ஞாயித்துக்கிழமை மேடை இருக்கு. வேற யாரையாவது பாரு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சரிக்கா" என்று போய்விட்டாள். அந்த 'சரிக்கா' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சித்தப்பா வாயால் சொன்னதை நான் தலையால் சொல்லிவிட்டேன் அய்யா. அவர் 'தொழில் வேண்டாம்' என்றார். நான் 'தொழில் செய், ஆனால் என்மேல் செய்யாதே' என்றேன். இரண்டில் எது மோசம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் எங்கள் தெருமுனையில் பூ வாங்கப் போனேன். பூக்கார அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். எப்போதும் கொண்டை போட்டிருப்பவர், அன்றைக்கு முடியை விரித்து விட்டிருந்தார். முதுகில் பார்த்தால் யூ வடிவத்தில் வெட்டு. அந்த யூவுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை! (சிரிப்பு) பக்கத்துக் கடைக்காரர், "என்ன ஆத்தா, எலி கடிச்சிருச்சா?" என்று கிண்டல் செய்கிறார். அந்த அம்மா நிமிர்ந்து, "படிக்கிற புள்ள வெட்டுச்சு. என் மக மாதிரி. என் தலையில பழகாம யார் தலையில பழகும்? முடி திரும்ப வளரும்யா. புருஷனத் தொலைச்ச புள்ளைக்குப் போன தைரியம் தானா வளருமா?" என்றார்.

நான் அந்தப் புள்ளையின் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு முழம் மல்லிகைக்குக் காசு கொடுத்துவிட்டு, பாக்கிச் சில்லறையைக் கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் துணியைக் கட்டினாள். அந்த வாரப் பாடம் முன்நெற்றி முடி வெட்டுவது. எனக்கோ சுருட்டை முடி. பாடத்துக்கு ஏற்ற தலையும் இல்லை, தலைக்கு ஏற்ற பாடமும் இல்லை. தண்ணீர் தெளித்து, சீப்பால் இழுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, புருவத்துக்கு நேராக 'சரக்'கென்று வெட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். அடடா, சினிமாக்காரி மாதிரி இருந்தேன். (சிரிப்பு) அந்த அழகு பத்து நிமிஷம்தான். ஈரத்தில் முடி நீளும்; காய்ந்தால் சுருங்கும். சுருட்டை முடி இன்னும் அதிகமாகச் சுருங்கும். காயக் காய அது மேலே ஏறியது. புருவத்தில் இருந்தது, பாதி நெற்றிக்கு வந்தது. பிறகு அங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் நெற்றிக்கு மேலே ஒரு தோரணம் கட்டியது போல நின்றது. (பலத்த சிரிப்பு)

தங்கை முகத்தில் ரத்தம் இல்லை. கத்தரி பிடித்த கை நடுங்குகிறது. பயிற்சியாசிரியை வந்தார். திட்டவில்லை. "சுருட்டை முடின்னா எவ்வளவு விட்டு வெட்டணும்? இப்ப தெரிஞ்சுதா?" என்றார். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இரண்டு பக்கமும் எப்படிச் சரிசெய்வது என்று காட்டிக் கொடுத்தார். பிறகு பெரிய கண்ணாடியைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்கள். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

அய்யா, இங்கேதான் என் கட்சியின் உயிர்நிலை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? "நல்லா இருக்கு"ன்னு சொல்லிவிட்டு, காசு கொடுத்துவிட்டு, வெளியே வந்து நாலு பேரிடம் அழுதுவிட்டு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். அந்தப் பொய் யாரைக் கெடுக்கிறது? அந்த மாணவியைத்தான். திட்டினாலாவது அவளுக்குப் பிழை தெரியும். பொய்யாகப் புகழ்ந்துவிட்டுக் காணாமல் போனால், ஏன் ஆள் வரவில்லை என்றே தெரியாமல் அவள் கடை மூடிவிடும்.

பூக்கார அம்மா என்ன சொன்னாராம் தெரியுமா? இதைத் தங்கைதான் எனக்குப் பிறகு சொன்னாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் கொஞ்சம் நீட்டமா இருக்கு தாயி. அடுத்த தடவை பார்த்து வெட்டு" என்றாராம். இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தில் உண்மை. இரண்டாவது வாக்கியத்தில் 'அடுத்த தடவை'. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய சொல் அந்த 'அடுத்த தடவை'தான். (நீண்ட கைதட்டல்)

நானும் அதைத்தான் சொன்னேன். "ரொம்பக் குட்டையாப் போச்சுடி. அடுத்த தடவை காயவச்சு வெட்டு." அப்போதுதான் அவள் அழுதாள். அன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் கண்ணகியைப் பற்றிப் பேசினேன். கண்ணகி விரித்த கூந்தலை நான் வர்ணிக்க வர்ணிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். (சிரிப்பு) போகட்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்று மாதத்தில் என் தோரணம் இறங்கிவிட்டது.

இன்னொரு தலையைப் பற்றியும் தங்கை சொல்வாள். புதன்தோறும் தவறாமல் ஒரு பாட்டி வருவாராம். தலையில் இருந்தது கொஞ்சமே முடி. வெட்ட ஒன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்து அலசிவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாராம். ஒருநாள், "வீட்டுல எல்லாரும் நல்லவங்கதாம்மா. சோறு போடுறாங்க. ஆனா தலையைத் தொட ஆளில்ல" என்றாராம். அழகுக்கலை என்றால் அழகாக்குவது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது தொடுகிற கலை என்று சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகம்? அந்தப் பாட்டியின் தலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தலையைக் கொடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று அர்த்தம் இல்லை. முடிச்சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி தடவிப் பார்க்கவேண்டும். அரித்தால், சிவந்தால், வேண்டாம் என்று எழுந்துவிட வேண்டும். பக்கத்தில் ஆசிரியை இல்லாமல் மருந்து எதையும் மாணவி கையால் தடவ விடக்கூடாது. தவறிப்போன வெட்டு வளர்ந்துவிடும். வெந்த தோல் அப்படி இல்லை. நல்ல பயிற்சிப் பள்ளியில் இதையெல்லாம் நீங்கள் கேட்டால் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

அய்யா மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

என் தங்கை மகள் இப்போது நர்ஸ். அவள் முதன்முதலில் போட்ட ஊசிக்கு ஏதோ ஒரு நோயாளி கையை நீட்டினார். நான் நடத்திய முதல் வகுப்பில் என் உளறலை ஒரு வகுப்பே பொறுத்துக்கொண்டு கேட்டது. புதுமணப்பெண் வைத்த முதல் ரசத்தை ஒரு மாமனார் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "நாளைக்கு உப்பு கொஞ்சம் குறைச்சுப் போடும்மா" என்கிறார். தேர்ந்த கை ஒவ்வொன்றுக்கும் பின்னால், அது தேறுவதற்கு முன்னாலேயே அதை நம்பி உட்கார்ந்த ஒரு தலை இருக்கிறது. கைக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். தலைக்கு யார் கொடுக்கிறார்கள்?

இன்றைக்கு என் தங்கைக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது. மூன்று நாற்காலி. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் அவள்தான் செய்தாள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. பூக்கார அம்மாவால் இப்போது நடமாட முடியவில்லை. தங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்கே போய் முடி வெட்டிவிடுகிறாள். அவர் சும்மா வெட்டிக்கொள்வதில்லை. ஒரு முழம் மல்லிகை கட்டி வைத்திருந்து கொடுப்பார்.

தங்கை கடைக்கும் இப்போது கற்றுக்கொள்ளப் பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். புதிதாக வருகிற பெண் முதன்முதலில் கத்தரி வைப்பது என் தங்கையின் தலையில். கடைக்கு முதலாளி, ஊரிலே பேர் வாங்கியவள், நாற்காலியில் உட்கார்ந்து துணியைக் கட்டிக்கொண்டு, "வெட்டும்மா, பயப்படாதே, வளர்ந்துரும்" என்கிறாள்.

கத்தரி பிடித்தபோது அவள் மாணவி. தலை கொடுத்தபோதுதான் அவள் ஆசிரியை ஆனாள்.

ஆகவே நடுவர் அவர்களே, பாண்டியன் சபையில் கேட்காமல் விட்ட அந்தத் தலைக்காரியின் சார்பில் கேட்கிறேன். பயிற்சிப் பள்ளியில் பெரும்பங்கு தலை கொடுப்பவருக்கே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் 'மாணவியர் செய்வது, பாதிக் கட்டணம்' என்று பலகை தொங்கினால், ஒரு புதன்கிழமை உள்ளே போய் உட்காருங்கள். வெட்டு கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்லுங்கள். அதோடு, 'அடுத்த தடவை' என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.